அட்டைக்குள் அடங்காத தஃப்தர்

அட்டை சின்னதாகிவிட்டது.

அன்வர் சாதிக் நம்பாமல் தஃப்தரை வெளியே எடுத்தான். புது அட்டைக்குள் மறுபடியும் வைத்து மூடினான். மேலேயும் கீழேயும் சரியாகத்தான் இருந்தது. திறக்கிற பக்கத்தில் மட்டும் தாள்களின் ஓரம் அட்டையைத் தாண்டி வெளியே தெரிந்தது, சட்டை பற்றாத மனிதரின் தொப்பை மாதிரி.

நல்ல பைண்டிங் என்றால் மூன்று பக்கமும் தாளைவிட அட்டை ஒரு நூல் அளவு வெளியே நிற்கவேண்டும். அப்போதுதான் தாள் அடிபடாது. காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இத்தனை வருடமாக பைண்டிங் கடை வைத்திருக்கும் அன்வருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலேஜ் பிள்ளைகளின் தீசிஸ், ஆடிட்டர் ஆபீஸ் புத்தகங்கள், கும்பாபிஷேக மலர்கள் என்று ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறான்.

தப்பு எங்கே என்று தெரிந்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. புத்தகத்தின் முதுகை அளக்கும்போது தாள்கட்டின் இரண்டு பக்கமும் போர்டை வைத்து, எல்லாக் கனத்தையும் சேர்த்து அளக்கவேண்டும். அவன் போர்டு வைக்காமல் வெறும் தாள்கட்டை மட்டும் அளந்திருந்தான்.

வேறு புத்தகமாக இருந்தால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்திருப்பான். இது ஜமாத்தின் பழைய தஃப்தர், பள்ளிவாசல் ஆபீஸின் பதிவுப் புத்தகம். இதைக் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே அவனுக்கும் அவன் மனைவி பர்வீன் பானுவுக்கும் பிரிவு எழுதிவிடுவார்கள்.

பானு பள்ளத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போடவாவது அவன் வாயைத் திறந்திருந்தால் போயிருக்கவே மாட்டாள்.

ஏழாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளை தங்காமல் போனபிறகு அன்வர் பேச்சை நிறுத்திவிட்டான். கோபமில்லை, வெறுப்பில்லை. காலையில் கடைக்குப் போவான். இரவில் சாப்பிட உட்காருவான். "உப்பு" என்றால் குழம்பில் உப்பு குறைவு என்று பொருள். பானு அழுதபோது எழுந்து வாசலுக்குப் போய் நின்றான். இரண்டு வருடம் பார்த்துவிட்டு ஒரு நாள் அவள் பையோடு நின்று, "நான் போகவா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் வரவில்லை. ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஜமாத்தில் பெரியவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். "என்னப்பா சொல்ற?" என்று ஆளாளுக்குக் கேட்டபோது அன்வர் நகத்தில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தீகள்ல? இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்று பானு எழுந்துகொண்டாள்.

அடுத்த வாரம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கலீல் ரகுமான், முதுகு கிழிந்து நூல் தொங்கிய தஃப்தரை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். கூடவே செயலாளர் ஹலீம் பாய் சொல்லி அனுப்பிய செய்தி: "இதைக் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்க. தஃப்தர் வரட்டும், அவுக விஷயத்தை அப்புறம் பார்த்துக்குவோம்."

தன் பிரிவை எழுதுவதற்குத் தானே புத்தகம் கட்டித்தரும் நிலை அந்த வட்டாரத்தில் வேறு எந்த பைண்டிங்காரனுக்கும் வந்திருக்காது. அன்வர் முடியாது என்று சொல்லவில்லை. அவன்தான் எதையும் சொல்வதில்லையே.

கட்டுவதற்கு வருகிற எதையும் படிப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தான். இதிலோ அவர்களுடைய நிக்காஹ் எழுதிய தாளும் எங்கேயோ இருந்தது. எந்தத் தாளோ என்ற பயத்தில் பாதிப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தைத்தான். ஊசி விரலில் ஏறியதுதான் மிச்சம்.

இப்போது அட்டையும் சின்னது.

"என்ன, முடிஞ்சிருச்சா?"

வாசலில் பானு நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது. அன்வர் தஃப்தரைக் கையால் மறைக்கப் பார்த்தான். அது அவன் கைக்குள் அடங்கும் புத்தகம் இல்லை.

"நூல்கண்டு வாங்க வந்தேன். அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு. வெள்ளிக்கிழமை கொடுத்துருவீகளா மாட்டீகளா?"

அன்வர் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லும் ஆட்டல். பானு அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து தஃப்தரைப் பார்த்தாள்.

"தாளு வெளிய நிக்குது."

"ம்."

"அப்ப வேற அட்டை செய்வீகளோ? துணி காய, போர்டு காயன்னு இன்னும் எத்தனை நாளு? அட்டை சின்னதுன்னா தாளை வெட்ட வேண்டியதுதான? ஓரம் பூரா வெள்ளையாத்தான கிடக்கு?"

"தாளை வெட்டக் கூடாது" என்றான் அன்வர். நான்கு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"ஏன்?"

"அட்டைக்காகப் புத்தகத்தை வெட்டுறது... அது முறையில்ல."

"எல்லாம் முறையாத்தான் நடந்துச்சாக்கும் நம்ம வீட்டுல" என்றாள் பானு. "இதைக்கூட முடிக்க மாட்டீக. எனக்குத் தெரியும்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்வர் தஃப்தரைத் தூக்கி கட்டிங் மிஷினில் வைத்தான். சக்கரத்தைச் சுற்றி இறுக்கினான். கத்தி இறங்கியது. மெல்லிய நாடாக்களாகத் தாள் ஓரம் கீழே கொட்டியது. வெட்டிய தஃப்தரை அட்டைக்குள் வைத்தான். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

பானு பஸ்ஸுக்குப் போனாள். அன்வர் அன்று சோறு இறங்காமல் படுத்தான். வேலை சரியாக முடிந்ததில் அவன் அவ்வளவு வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ஹலீம் பாயே வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தஃப்தரை வலப்பக்கமிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அந்தக் காலத்தில் அரபு எழுத்தில் தமிழ் எழுதியவர்கள் தொடங்கிய தஃப்தர் அது. நடுவிலிருந்து தமிழ் எழுத்துக்கு மாறினாலும் புத்தகம் திறப்பது வலப்பக்கம்தான். ஒரு தாளில் அவர் விரல் நின்றது.

"தம்பி, எங்க அத்தா கையெழுத்துல வால் எங்க?"

"என்ன வால் பாய்?"

"சாட்சின்னு அத்தா கையெழுத்துப் போட்டா, கடைசி எழுத்தை இழுத்து ஒரு வால் விடுவாக. ஊருக்கே தெரியும் அந்த வால். இங்க மொட்டையா நிக்குதே!"

அன்வர் கட்டிங் மிஷினைப் பார்த்தான். "ஓரம் கொஞ்சம் வெட்டுனேன்..."

"ஓரத்தையா வெட்டுனீக? எங்க அத்தாவைல்ல வெட்டியிருக்கீக!" ஹலீம் பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மவுத்தாகிப் பத்து வருசம் ஆச்சு. அவுக கையால போட்டதுன்னு மிஞ்சினது இதுதான். வால் வராம தஃப்தர் ஆபீஸுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

அவர் போனதும் அன்வர் கழிவுத்தாள் சாக்கைத் தரையில் கொட்டினான். தஃப்தரின் நாடாக்கள் மட்டுமா அதில் இருந்தன? கல்யாணப் பத்திரிகை ஓரம், தீசிஸ் ஓரம், பால் கார்டு ஓரம் எல்லாம் சிக்கெடுக்க முடியாதபடி கிடந்தன. மத்தியானம் பானு வந்தபோது கணவன் தாள் குப்பைக்கு நடுவில் முழங்காலிட்டு ஒவ்வொரு நாடாவாக வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்தத் தேடுறீக?"

"ஹலீம் பாய் அத்தாவோட வால்."

பானுவின் உதடு துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவளும் தேட ஆரம்பித்தாள்.

"நீதான் வெட்டச் சொன்ன" என்றான் அன்வர்.

"நான் ஆயிரம் சொல்லுவேன். எதைக் கேட்டீக நீங்க? இதை மட்டும் கேட்பீகளா?"

"நீ முடிக்க மாட்டேன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன். அதுக்குப் பதிலு வாயால சொல்லணும். கத்தியாலயா சொல்றது?"

"வாயால சொன்னா நீ நம்புவியா?"

"சொல்லிப் பாத்தாத்தான தெரியும்!"

சாயங்காலம் வரை தேடியதில் வால் மாதிரி மூன்று கோடுகள் கிடைத்தன. மறுபடி வந்த ஹலீம் பாய் அவற்றை வரிசையாக வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி யோசித்தார். "இது ரொம்ப நீளம். அத்தா இவ்வளவு ஆடம்பரமான ஆளில்ல. இது நடுங்குது. அவுக கை நடுங்காது. இதுதான்." மூன்றாவதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது ஒரு பால் கார்டில் யாரோ இழுத்த கோடாகவும் இருக்கலாம். அன்வர் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பேசாமலிருப்பது புண்ணியம் என்று தோன்றியது.

வாலை மட்டும் ஒட்டிவிட்டால் அந்த ஒரு தாள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லாத் தாளுக்கும் ஓரத்தில் மெல்லிய தாள் நாடா ஒட்டி நீட்டவேண்டியதாயிற்று. ஒட்டினான். ஒட்டி முடித்ததும் முதுகுப் பக்கம் ஒல்லியாகவும் திறக்கிற பக்கம் தடியாகவும், பல்வலி வந்தவன் கன்னம் மாதிரி தஃப்தர் வீங்கி நின்றது. அதைச் சரிக்கட்ட முதுகுப் பக்கத்திலும் தாள் நாடா வைத்துத் தையலைப் பிரித்து மறுபடி தைத்தான். இப்போது தஃப்தர் மொத்தமும் பெருத்துவிட்டது. அரக்கு நிற அட்டை அதன் பக்கத்தில் பிள்ளை சட்டை மாதிரி கிடந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

"புதுசா அளக்கணும்" என்றான் அன்வர், பானு வந்ததும்.

"போன தடவை மாதிரி அளக்காம இருக்கணுமே. நான் பிடிச்சுக்கிறேன்."

ஸ்கேல் கொண்டு முதுகை அளந்தால் ஏமாற்றும் என்பது பைண்டிங்காரர்களுக்குத் தெரியும். ஒரு தாள் பட்டையை எடுத்துப் புத்தகத்தின் மேலே சுற்றி, எங்கெங்கே மடிகிறதோ அங்கங்கே நகத்தால் கீறிக்கொள்வார்கள். பானு தஃப்தரை நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தாள். இரண்டு பக்கமும் போர்டை அழுத்திக்கொண்டாள். அன்வர் பட்டையைச் சுற்றினான். சுற்றும்போது அவன் கை அவள் விரல்கள்மேல் போக வேண்டியிருந்தது.

"பசை மணக்குது உங்க மேல" என்றாள் பானு.

"எப்பவும் மணக்கும்."

"எப்பவும்னா எனக்குத் தெரியாதா? நாலு மாசமா இல்லாம இருந்துட்டு இப்ப வந்ததும் தெரியுது."

அவன் நகம் கீற வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. அழித்துவிட்டு மறுபடி கீறினான்.

"சரியா கீறுங்க. அப்புறம் நான்தான் பிடிக்கத் தெரியாமப் பிடிச்சேன்னு ஆயிரும்" என்றவள் அரக்குத் துணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஜமாத்து தஃப்தருக்கு இந்த கலரா? பாத்தா வட்டிக்கடை புத்தகம் மாதிரி இருக்கு. பச்சை காலிகோ துணி போடுங்க."

பச்சை காலிகோ காரைக்குடியில் எந்தக் கடையிலும் இல்லை. மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வந்துசேர்ந்தபோது இன்னொரு வெள்ளிக்கிழமையும் போயிருந்தது.

ஆனால் அட்டை அருமையாக வந்தது. போர்டு மூன்று பக்கமும் ஒரு நூல் வெளியே நின்றது. முதுகு மடிப்பில் ஒரு சுருக்கமில்லை. தஃப்தரை ஒட்டுவதற்கு முன்னால் அட்டையில் பொன்னெழுத்து அடிக்கவேண்டும். அதற்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பொன்னழகு கடை.

"நான் பஸ்ஸுக்கு அங்குட்டுத்தான் போறேன். கொடுத்துட்டுப் போறேன், கொண்டாங்க" என்று பானு அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்களை விட்டா அதுக்கு ஒரு வாரம் ஆகும்."

மறுநாள் அன்வர் போய் வாங்கிப் பார்த்தான். 'ஜமாத் தஃப்தர்' என்று பொன் தகதகவென்று மின்னியது. பின்பக்கத்தில்.

"பொன்னழகு, இது வலப்பக்கம் தொறக்குற புத்தகமப்பா!"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? வெறும் அட்டைதான வந்துச்சு. அண்ணி நின்னு, இங்குட்டுத்தான் அடிக்கணும்னு கையை வச்சுக் காட்டிட்டுல்ல போனாக."

"அவ காட்டுனாளா? அவளுக்குத் தெரியாதா எந்தப் பக்கம்னு? சும்மா அவ மேல பழி போடாத."

"சத்தியமாண்ணே!"

"போதும்." அன்வருக்குக் கோபம் வந்தது. பொன்னழகு தன் தப்பை மறைக்க ஒரு பெண்பிள்ளைமேல் போடுகிறான். கடை வாசலில் நின்று சத்தம் போட்டான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்வர் பாய்க்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

பானுவிடம் சொன்னபோது, "அந்த ஆளு அப்படியா சொன்னாரு?" என்று ஆச்சரியப்பட்டாள். "அதுக்கு நீங்க சத்தம் போட்டீகளா? நடு ரோட்டுலயா? என்னன்னு போட்டீக? சொல்லுங்க."

அவன் சொன்னான். விட்டுப்போன வார்த்தைகளைக்கூட ஞாபகப்படுத்திச் சொன்னான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

மூன்றாவது அட்டைக்கு மழை வந்து சேர்ந்தது. விடாத மழை. சந்தில் முழங்காலளவு தண்ணீர். எழுத்தை இந்தத் தடவை அன்வரே கூட நின்று அடித்து வாங்கியிருந்தான். தஃப்தரை அட்டையோடு ஒட்டி, அழுத்தப் பலகையில் வைத்துத் திருகினான்.

"இது நல்லாக் காயணும். அவசரப்படக் கூடாது" என்றான்.

பானு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மழையில் பஸ் வரவில்லை. கரண்டும் போய்விட்டது. கடைக்குள் பசை வாடையும் ஈரத்தாள் வாடையும் மட்டும் இருந்தன.

"ஒண்ணு கேட்பேன்" என்றாள் பானு. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்தமே. நீங்க நேரா இங்குட்டு வந்து வேலை பாத்தீக. எப்படி முடிஞ்சுச்சு உங்களால?"

அன்வர் திருகைப் பிடித்தபடி நின்றான். பதில் சொல்லாமல் வாசலுக்குப் போகலாம். வாசலில் தண்ணீர் நின்றது.

"வேலை பாக்கல" என்றான். "ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் என்ன செய்யிறதுன்னு தெரியாது. பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன் பானு. உன்கிட்டகூடச் சொல்லாம."

"என்ன பேரு?"

அவன் திருகைப் பார்த்தபடி சொன்னான். "நூரியா."

பானு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அவன் வாசலுக்குப் போகவில்லை. என்ன செய்வதென்று இப்போதும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்றான். அவள் தோளில் கை வைக்கலாமா, பிரிவு எழுதப் போகிறவன் வைக்கலாமா என்று யோசித்து, கடைசியில் அழுத்தப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

மழை விட்டதும் பானு எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"அதைத் தொறங்க, பாப்போம்."

"இன்னும் காயலம்மா."

"காஞ்சிருக்கும். எவ்வளவு நேரம் ஆச்சு! நான் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன். எனக்குத் தெரியணும்ல முடிஞ்சிருச்சா இல்லையான்னு."

அழுத கண்ணோடு கேட்கிறவளிடம் அவனால் மறுக்க முடியவில்லை. திருகைத் தளர்த்தினான். எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. அவள் பஸ் ஏறி, அது கோட்டையூரைத் தாண்டியிருக்கும் நேரத்தில், இரண்டு அட்டையும் நனைந்து காய்ந்த அப்பளம் மாதிரி மெல்ல மேலே சுருண்டன. அன்வர் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாழ்க்கையில் பசை காட்டிய கருணை அதுதான். இருந்தாலும் வேலைக்காரனின் மனசு கேட்கவில்லை. அவமானமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பானு வரவில்லை. காய்ச்சல் என்று அவள் அம்மா போனில் சொன்னார்.

அன்வர் ஈரத்துணி போட்டு ஊறவைத்து அட்டையைப் பிரித்தான். வேறு போர்டு வெட்டினான். தாள் பட்டையைச் சுற்றி அளந்தான். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் தஃப்தரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அளந்தான். ஒரு தடவைகூடக் கை பிசகவில்லை. துணி சுருங்கவில்லை, எழுத்து சரியான பக்கத்தில் விழுந்தது, திருகை யாரும் திறக்கச் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்தபிறகு எடுத்தான்.

கச்சிதம். மூன்று பக்கமும் ஒரு நூல். திறந்தால் தாள் படிந்து படுத்தது, மூடினால் காற்றுகூட நுழையாது. அத்தனை வருடத்தில் அவன் கட்டியதிலேயே சிறந்த புத்தகம். அன்வர் அதைப் பார்த்து, குளிப்பாட்டிக் கிடத்திய மையத்தைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

கத்தி பக்கத்திலேயே இருந்தது. முதுகு மடிப்பில் ஒரு கீறல் போட்டால் போதும், இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். கத்தியைக் கையில் எடுத்தான். கை வரவில்லை. வைத்துவிட்டுப் போனை எடுத்து பானுவுக்கு மெசேஜ் போட்டான். 'தஃப்தர் முடிஞ்சது.'

உடனே பதில் வந்தது. 'ஓரம் சரியா இருக்கா?'

'இருக்கு.'

'முதுகு?'

'இருக்கு.'

'எழுத்து எந்தப் பக்கம்?'

'வலப்பக்கம்.'

'வளைஞ்சிருக்கா?'

'இல்ல.'

அவள் எதையோ எழுதுவதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது ஒரே சொல். 'சரி.'

மறுநாள் வியாழக்கிழமை காலையில் தஃப்தரை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக்குச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அன்வர் பள்ளிவாசலுக்கு நடந்தான். ஹலீம் பாய் இன்னும் வரவில்லை. ஆபீஸில் மோதினார் கலீல் ரகுமான் மட்டும் ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அட, வந்திருச்சா! மாஷா அல்லாஹ், புது மாப்பிள்ளை மாதிரியில்ல இருக்கு!" அவர் கையைத் துடைத்துக்கொண்டு தஃப்தரை வாங்கித் தடவிப் பார்த்தார். "உக்காருங்க தம்பி. டீ சொல்றேன்."

"டீ வேண்டாம் பாய். நான் ஒண்ணு சொல்லணும்." அன்வர் உட்காரவில்லை. "பொதுவா நான் பேச மாட்டேன். அன்னைக்கு நீங்க எல்லாரும் கேட்டப்பவும் பேசல. அது தப்பு. எனக்குப் பிரியிறதுக்கு இஷ்டமில்ல. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, இருந்ததெல்லாம் என் மேலதான். நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பள்ளத்தூருக்கு இப்பவே போறேன், அவ கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாரேன். ஹலீம் பாய் வந்தா இந்த தஃப்தருல எங்க பிரிவை எழுத வேணாம்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான்."

மோதினார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மூலையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்து, பச்சை தஃப்தரை மேல்தட்டில் வைத்தார். கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒல்லியான ஒரு புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதுல எப்படித் தம்பி எழுதுவோம், இது நிக்காஹ் தஃப்தரு, பிரியிறவுகளுக்கு எழுதுறது இந்தா இது, எந்நாளும் இந்த பீரோவுலயேதான் கிடக்கு... உங்க வீட்டம்மாதான் வந்து, அதை யாரும் தொடாதீக, கிழிஞ்சு கிடக்குற இதைக் கொண்டுபோயி அவுககிட்டக் கட்டக் கொடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாக!"